சமுதாயம் ஓர் ஆளா?

மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடப்போர் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைக் காண்பர். தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர் 1991இல் மறைந்தார். தொடக்ககால ஆசிரியரும் மாணவரும் இன்றில்லை. வித்யாலயமோ நிலைத்திருக்கிறது. மனிதர் அனைவரும் மாறிய பின்னும் அதுவாகவே இருப்பது எது?

இவ்வினாவிற்கு அறிஞர் வெவ்வேறு விடை தந்தனர். சமூக உண்மைகள் தனிமனிதருக்குப் புறத்தே நின்று அவரைக் கட்டுப்படுத்துவன என்று எமில் துர்க்கைம் 1895இல் எழுதினார். மாக்ஸ் வெபரோ, அரசும் நிறுவனமும் தனிமனிதச் செயல்களின் ஒழுங்கமைப்பே என்றார்.

இவர்களுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே, 1377இல், முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் வேறொரு வழியில் சிந்தித்தார். ஒருநாள் உணவுக்கான கோதுமையைக்கூட ஒருவர் தனித்து ஆக்கிக்கொள்ள இயலாது. அரைப்பவரும் சுடுபவரும் கருவி செய்யும் கொல்லரும் தச்சரும் வேண்டும். இக்கூட்டு வாழ்வை அவர் 'உம்ரான்' என்றார்; மக்களைப் பிணைக்கும் உணர்வை 'அஸபிய்யா' என்றார். அவ்வுணர்வு தலைமுறைதோறும் வளர்ந்து தளர்வது. ஆகவே சமூகம் மெய்யானதே. எனினும் உறவுகள் உள்ளவரையே அது உண்டு.

மெய்யான கூட்டங்கள் யாவும் ஒரே வகையினவும் அல்ல. வக்ஃபுக்குச் சாசனமும் முதவல்லியும் உண்டு. கொடையாளி இறப்பினும் அது தொடரும். கம்பெனியைச் சட்டம் ஓர் ஆளாகவே ஏற்கிறது. அதன்மேல் வழக்கும் தொடுக்கலாம். இவற்றுக்கு முடிவெடுக்கும் அவை உண்டு; எனவே பொறுப்பும் உண்டு. ஒரு மதத்தவர், ஒரு சாதியார் என்னும் சமுதாயத்திற்கோ அத்தகைய அவை ஏதுமில்லை. அதனிடம் பிணைப்பு உண்டு. அது தீர்மானம் இயற்றுவதில்லை.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விலையைக் கோவை அறியும். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த வன்முறையில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். சிலர் செய்ததை ஒரு சமுதாயமே செய்ததாகக் கொண்ட பிழை இரண்டிலும் உண்டு. மாண்டவர்களோ அச்செயல்களை முடிவுசெய்தவர் அல்லர்.

இதனால் எவரும் பொறுப்பினின்று நீங்கிவிடார். திட்டமிட்டவரும் அவர்களது அமைப்பும் விடை கூறியே ஆகவேண்டும். அறுந்த உறவைச் செப்பனிடும் கடமை அருகில் வாழ்வோர் அனைவருக்கும் உண்டு. 'அவர்கள் செய்தார்கள்' என்று கூறும் முன்னர், முடிவெடுத்தவர் யார் என்று கேட்பதே நேர்மை.