லாஸ்பேட்டைக்கு எத்தனை எழுத்து?

'லாஸ்பேட்டை' - எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்கள். லா, ஸ், பே, ட், டை... அஞ்சு. இதையே கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். பத்து என்கும்! 'புதுச்சேரி'யும் அப்படித்தான். நமக்கு அஞ்சு, அதற்குப் பத்து.

இந்தக் கணக்கில் என்னை மாட்டிவிட்டவர் ஒரு லாஸ்பேட்டை நண்பர். ஏர்போர்ட் பக்கம் வீடு. அவருடைய அப்பா, 1997-ல் தன் கவிதைகளை டி.டி.பி. சென்டரில் டைப் அடித்து ஃப்ளாப்பியில் வாங்கி வைத்தார். அப்பாவும் போய்விட்டார். கையெழுத்து நோட்டும் கரையானுக்குப் போய்விட்டது. மிச்சம், ஃப்ளாப்பியிலிருந்து ஸி.டி., ஸி.டி.யிலிருந்து பென் டிரைவ் என்று வீடு மாறி வந்த ஒரே ஒரு ஃபைல்.

போன மாதம் திறந்தால்... ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி!

"அப்பா இங்கிலீஷ்ல திட்டற மாதிரி இருக்கு ஸார்" என்றார். ஜோக்தான். ஆனால் குரல் கம்மியிருந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். அந்தக் கால ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தின் நம்பரில் தமிழை உட்கார வைத்தன. 'பாமினி'யில் ஜே என்றால் த, கே என்றால் ம, பி மேல்விலங்கு, ஓ என்றால் ழ, அரைப்புள்ளிதான் புள்ளி. ஃபான்ட் இருந்தால் 'தமிழ்'. இல்லாவிட்டால் கந்தர்கோளம். போதாக்குறைக்கு ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேறு கணக்கு! 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூட்டி, 'டாம்', 'டாப்' என்று பொது ஏற்பாடு செய்து பார்த்தார்கள்.

உலகத்து எழுத்துக்கெல்லாம் தனித்தனி நம்பர் என்று 1991-ல் வந்தது யூனிகோடு. இந்தியாவின் 'இஸ்கி' முறையைப் பார்த்து தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். நம்மிடமோ 247 எழுத்து! ஆகவே முழு எழுத்துக்குப் பதில் உறுப்புகளுக்கு நம்பர். 'லா' என்றால் ல 2994, கால் 3006.

எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்தும் நம் உயிர்மெய்க்குப் பங்காளிதான். ஒரு மெய்க்கு ஏழு வடிவம். ஆனால் 1999-ல் யூனிகோடுக்குள் நுழைந்தபோது, அவர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி நம்பர் வாங்கிவிட்டார்கள். அவர்கள் ஊர் 'லா'வுக்கு ஒரே நம்பர்: 4619.

நமக்கு இன்னொரு கூத்தும் உண்டு. இலக்கணத்தில் க் + அ = க. யூனிகோடில் தலைகீழ். 'க'வுக்கு ஒரு நம்பர்; அதற்குப் புள்ளி வைத்தால்தான் 'க்', ஆக இரண்டு நம்பர். தமிழ் வாத்தியார்கள் சும்மா இருப்பார்களா? எல்லா எழுத்துக்கும் தனி நம்பர் தரும் 'டேஸ்-16' முறையை, யூனிகோடோடு சேர்த்து 2010-ல் தமிழக அரசு அங்கீகரித்தது. ஆனாலும் செல்போன்வரை வந்து உட்கார்ந்தது யூனிகோடுதான்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் 160 எழுத்து போகும். தமிழுக்கு 70 நம்பர்தான். 'லாஸ்பேட்டை' என்று ஏழு தடவை அடித்தால் மெஸேஜ் ஃபுல்! லாபம் என்ன? ஒரு தடவை கொடுத்த நம்பரை இனி மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் சட்டம். இன்று அடிக்கும் 'அம்மா', நாளைக்கு அரைப்புள்ளி ஆகாது.

நண்பரின் ஃபைலை ஒரு கன்வெர்ட்டரில் போட்டோம். பழைய நம்பருக்குப் புது நம்பர், அவ்வளவுதான் அதன் வேலை. அரை நிமிஷம். ஜே 'த' ஆனது, ஓ 'ழ' ஆனது, அப்பா தமிழில் பேச ஆரம்பித்தார்.

நண்பர் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் கவிதையைச் சத்தமாகப் படித்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"இத்தனை நாள் இதுக்குள்ளயாடா இருந்தார்?"

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ஃப்ளாப்பி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேடிப் பாருங்களேன்.