பொண்ணு நம்மது, பதக்கம் யாருது?

"அந்தப் பொண்ண யாரோ மாட்டி விட்டுட்டாங்கண்ணே." ஓட்ட வீராங்கனை கோமதி மாரிமுத்து பேச்சு வந்தால் பழவேற்காட்டு டீக்கடை பெஞ்சில் எந்தத் தம்பியும் இதைத்தான் சொல்வான். கூடவே, "சாந்திக்கும் அதே தோகாவுலதான செஞ்சாங்க?" என்பான். இரண்டு கதையையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டோம் தம்பி. டீ ஆறுவதற்குள் அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் சாந்தி சவுந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். அவர் மருந்து எடுத்தார் என்று யாரும் குற்றம் சாட்டவே இல்லை. பிறந்த உடம்போடு ஓடியதற்கு அந்தத் தண்டனை. பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தாரே, அது நியாயமான விசுவாசம்.

கோமதி கதை வேறு. திருச்சி பக்கம் முடிகண்டம், ஏழை விவசாயக் குடும்பம். 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அதே 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். வயது 30. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தன. நடிகர் விஜய் சேதுபதி 5 லட்சம் கொடுத்தார். அடுத்த மாதமே அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வந்தது. மருந்தின் பெயர் நாண்ட்ரலோன்.

நாண்ட்ரலோன் ஒரு ஸ்டீராய்டு. டாக்டர்கள் சில நோய்களுக்கு ஊசியாகப் போடுவதுதான். தசையை ஏற்றும், கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பை விரைவில் தேற்றும். உடம்புக்குள் போனதும் அது வேறு பொருளாக மாறிச் சிறுநீரில் இறங்கும். அதை நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில், தேடிப் பிடிக்கிறார்கள். கொடுத்த சிறுநீரை வீராங்கனை முன்னாலேயே ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து சீல் வைப்பார்கள். ஏ-யில் சிக்கினால் பி-யைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கோமதி விஷயத்தில் பி-யும் அதையே சொன்னது.

மாட்டி விட்டிருப்பார்களோ? மார்ச்சில் பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த சிறுநீர் மாதிரியிலும் அந்த மருந்து இருந்தது, ஏப்ரலில் தோகாவில் எடுத்ததிலும் இருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரோ கொஞ்சம் கலந்திருந்தால் அது இத்தனை நாள் தங்காது. 2020-ல் சர்வதேசத் தடகள நேர்மைப் பிரிவு நான்கு ஆண்டுத் தடை விதித்தது: 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை. 2019 மார்ச் 18 முதல் அவர் ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கில் இல்லாமல் போனது.

"தெரியாம எடுத்திருந்தா?" என்பாய். நம்ம பாடு முறையை நினைத்துப் பார். இன்றைக்கு இந்த இடம் இந்தத் தலைக்கட்டுக்கு என்று முறை வைத்திருக்கிறோம். முறையில்லாதவன் வலை விரித்துவிட்டு, "தெரியாம விரிச்சுட்டேன்" என்கிறான். மனசறிந்து செய்தானா இல்லையா என்று பார்த்து அபராதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அன்றைய இறால் மட்டும் முறைக்காரனுக்குத்தான். ஊக்கமருந்து விதியும் அப்படித்தான். உடம்பில் மருந்து இருந்தால், காரணம் எதுவானாலும் அந்தப் போட்டியின் பதக்கம் போய்விடும். தண்டனைக் காலத்துக்கு மட்டுமே எண்ணத்தைப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு என்றால் நான்கு ஆண்டு. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை ஓடியவர் தலையில். அன்று அவருக்குப் பின்னால் வந்த சீனாவின் வாங் சுன்யூவும் ஏதோ ஓர் ஊருக்கு 'நம்ம பொண்ணு'தான்.

அப்படியானால் கோமதியைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. பாசம் தப்பில்லை, அதை வைத்து என்ன கேட்கிறோம் என்பதில்தான் தவறுகிறோம். "லேப் பொய் சொல்லுது" என்று கத்துவதில் யாருக்கும் பயன் இல்லை. பாட்டியாலா முடிவு சீக்கிரம் வந்திருந்தால் தோகாவுக்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று தடகளச் சம்மேளனம் சொன்னது. ஏன் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். மருந்தைக் கொடுக்கும் பயிற்சியாளரையும் டாக்டரையும் தண்டிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனாலும் பேப்பரில் பெரும்பாலும் ஓடின பிள்ளையின் படம் மட்டும்தானே வருகிறது? அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல் விட்டதன் பலன் தெரிகிறது. 2022-ல் அதே திருச்சியைச் சேர்ந்த எஸ். தனலட்சுமி காமன்வெல்த் போட்டிக்குப் போகும் நேரத்தில் ஸ்டீராய்டில் சிக்கினார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023 கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை மருந்து இருந்தது. ஒரு பதக்கம் வந்தால்தான் வேலை, பணம், ஊரில் பேர் என்று வைத்திருக்கும் நாட்டில், குறுக்கு வழி காட்டுகிறவனுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

அதனால், நாளைக்கு நம்ம குப்பத்துப் பிள்ளை மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்தால் மாலை போடு, பேனர் கட்டு. அதோடு பக்கத்தில் உட்கார்ந்து கேள்: பயிற்சிக்கு என்ன பவுடர் குடிக்கிற, என்ன ஊசி போட்டாங்க, யார் வாங்கிக் கொடுத்தது, அதுக்குச் சீட்டு இருக்கா?