பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை: பிரிக்கும் முன் அளந்து பாருங்க

விளைஞ்சதை நாமே கொண்டுபோய் விற்றால்தான் இயற்கை உழவர் கையில் நாலு காசு நிற்கும். அதுக்கு வண்டி வேணும். மீஞ்சூர், பொன்னேரி, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் நம்ம ஆட்கள் பலரிடம் இருப்பது ரெண்டாம் கை, மூணாம் கையாக வாங்கிய குட்டியானை அல்லது பழைய வேன். மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி புகை தள்ள ஆரம்பிச்சதும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. "வித்துட்டு லோன்ல புதுசு எடுங்க" என்பார் ஒருத்தர். "இன்ஜினை இறக்கிட வேண்டியதுதான்" என்பார் இன்னொருத்தர். ரெண்டுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது, அளந்து பார்ப்பது. என் வேனுக்கு இன்ஜின் வேலை நடந்தப்போ பட்டறையில் கூடவே இருந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புகையின் நிறம்

கரும்புகை என்றால் டீசல் அதிகமாகப் போகுது, இல்லை காற்று போதலை. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் ஆகியவற்றைப் பார்க்கணும். இதுக்காக இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரியுது. காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகப்படலாம். சுமையோடு ஓடும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணியும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கணும்.

காற்று விட்டுக் கேட்பது

முதலில் கம்ப்ரஷன் கேஜ் போட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடணும். குறைவாக இருந்தால், ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விடணும். காற்று எந்த வழியாகத் தப்புதோ அங்கேதான் கோளாறு. ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் ரிங், சிலிண்டர் தேய்மானம். சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, அல்லது ஹெட்டில் விரிசல். வால்வில் மட்டும்தான் கசிவு என்றால் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தால் போதும். முழு இன்ஜினுக்கும் செலவு வைக்க வேண்டாம்.

லேத்தில் கேட்க வேண்டிய அளவுகள்

டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அதன் முதல் டீசல் இன்ஜின் ரெண்டு சிலிண்டர், 702 சி.சி. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினில் பாதி. சிலிண்டர் விட்டம் 75 மி.மீ. இதை உதாரணமா வைத்துப் பார்ப்போம். ரிங் மேலே திரும்பும் இடத்தில்தான் சிலிண்டர் அதிகம் தேயும். அதனால் ஒரே ஒரு இடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என்று மூணு இடம், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக ரெண்டு அளவு, ஆக சிலிண்டருக்கு ஆறு அளவு. தேய்மானம் வரம்பைத் தாண்டியிருந்தால் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவாங்க, அல்லது ஸ்லீவ் போடுவாங்க. அந்த நிலைமையில் புது ரிங் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் பழைய புகையே திரும்பும். முட்டை வடிவமாகத் தேய்ந்த சிலிண்டரில் வட்டமான ரிங் உட்காராது.

கிராங்கையும் இதே மாதிரி அளக்கணும். என் வண்டியில் கிராங்க் வரம்புக்குள்ளேயே இருந்தது. பாலிஷ் போட்டு, அதே அளவு மெட்டல் மாட்டியாச்சு. அளக்காமல் கொடுத்திருந்தால் கிரைண்டிங் கூலி வீணாகப் போயிருக்கும்.

போர் போட்டபின் கழுவுவதுதான் பலர் அவசரப்படும் இடம். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் உப்புக்காகிதத் தூள் போன்ற நைஸ் துகள், டீசலில் கழுவினால் முழுசாகப் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்கணும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கணும். ஆயில் போகும் துளைகளையும் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, உடனே ஆயில் பூசிவிடணும், இல்லாவிட்டால் துரு ஏறும்.

நம்ம ஊர்த் தூசியும் உப்பும்

கன்டெய்னர் லாரி ஓயாத துறைமுகச் சாலை, அனல்மின் நிலையச் சாம்பல், இவற்றுக்கு நடுவில்தான் நம்ம வண்டி ஓடுது. ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் மணல்துகள் நேராக சிலிண்டருக்குப் போகும். புது பிஸ்டனும் வேகமாகத் தேயும். இன்ஜின் வேலையோடு அந்தக் குழாயையும் கிளாம்பையும் புதுசாக மாற்றிவிடுங்க.

அடுத்தது தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது நமக்குத் தெரியும். காட்டுப்பள்ளியில் 2010-இல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்தது. பயிருக்கு ஆகாத உப்புத் தண்ணி ரேடியேட்டருக்கும் ஆகாது. உள்ளே அரிக்கும், படிவம் கட்டும், இன்ஜின் சூடேறி ஹெட் வளையும். டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்க.

புதுசா, பழசா?

வங்கியில் இருந்த பழக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 10,870 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். இன்ஜின் வேலைக்கு 60,000 எஸ்டிமேட் என்றால், அது ஆறு மாதத் தவணைக்கும் குறைவு. மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் தவணை தேதி மாறாது. வெளி இடுபொருளைக் குறைத்துக் கடனிலிருந்து வெளியே வந்தவர், வண்டியால் மறுபடியும் கடனில் விழக் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கு சேஸிஸ் நல்லா இருந்தால்தான் பொருந்தும். கடல்காற்றில் அடிச்சட்டம் துருவேறி இற்றுப்போன வண்டிக்கு இன்ஜின் செலவு செய்வது வீண். முதலில் வண்டியைத் தூக்கி அடியைப் பாருங்க. 15 வயசு தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு உயர்த்தியிருக்கு. அதையும் கணக்கில் சேர்க்கணும்.

இன்னொரு யோசனையும் வரும்: "புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டிடலாம்." பிளாக் மாறினால் இன்ஜின் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.-யில் ஏற்றணும். அந்த இன்ஜினுக்கு ரசீது இல்லாவிட்டால் வம்பு. நம்ம பிளாக்கையே சரிசெய்தால் நம்பர் மாறாது.

வேலை முடிஞ்ச பிறகு

முதல் 1,000 கி.மீ. வரை முழுச் சுமை வேண்டாம். ஒரே வேகத்தில் ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்க. நிறுத்திவைத்து வெறுமனே உறும விடாதீங்க. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்க. வடித்த கழிவு ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக்காலிலோ வரப்பிலோ ஊற்ற வேண்டாம். உலோகத் துகள் கலந்த அந்த ஆயில், சட்டப்படியே அபாயக் கழிவு. கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுங்க.

பட்டறைக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. கம்ப்ரஷன், சிலிண்டர், கிராங்க் அளவுகளை எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்க. கணக்காக வேலை செய்யும் மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.