யு-859 நீர்மூழ்கியும் திருகோணமலைத் துறைமுகமும்

மாணவர்களே, “திருகோணமலை கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த இயற்கைத் துறைமுகம்” என்ற வசனத்தை விடைத்தாளில் எழுதாதவர் குறைவு. “உதாரணம் தந்து விளக்குக” என்று வினவப்பட்டால்தான் பலரும் தடுமாறுவர். அதற்குப் பொருத்தமான ஓர் உதாரணத்தை இங்கு நோக்குவோம்.

1. பின்னணி

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்தது. அதன்பின் வங்காள விரிகுடாவின் மேற்கே திருகோணமலை பிரித்தானியரிடமும், மலாக்கா நீரிணையின் வாயிலிலுள்ள பினாங்கு யப்பானியரிடமும் இருந்தன. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கிய பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை 1944 இன் ஆரம்பத்தில் திருகோணமலைக்குத் திரும்பியது.

இதேவேளை, 1943 இல் அத்திலாந்திக்கில் பெரும் இழப்பைச் சந்தித்த ஜேர்மனி, தனது நீர்மூழ்கிகள் சிலவற்றை இந்து சமுத்திரத்திற்கு அனுப்பியது. பினாங்கு அவற்றுக்குத் தளமாயிற்று.

2. பயணம்

யு-859, 1944 ஏப்ரல் 4 இல் ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தளபதி யொகான் யெப்சன். கப்பலில் 67 பேர் இருந்தனர். யப்பானுக்கென 31 தொன் இரசமும் ஏற்றப்பட்டிருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த இந்நீர்மூழ்கி வழியில் மூன்று கப்பல்களை மூழ்கடித்தது.

• கொலின் – ஏப்ரல் 26, அத்திலாந்திக்
• ஜோன் பரி – ஓகஸ்ட் 28, அரபிக் கடல். சவூதி அரேபியாவுக்கான வெள்ளி நாணயங்களை ஏற்றிய அமெரிக்கக் கப்பல்
• ட்ரொயிலஸ் – ஓகஸ்ட் 31, அரபிக் கடல். கொழும்பிலிருந்து ஏடன் நோக்கிச் சென்ற பிரித்தானியக் கப்பல்

3. அழிவு

1944 செப்டெம்பர் 23 இல், ஐந்தரை மாதப் பயணத்தின் முடிவில், யு-859 பினாங்கை அண்மித்து நீரின் மேற்பரப்பில் வந்துகொண்டிருந்தது. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட ‘ட்ரென்சன்ட்’ என்ற பிரித்தானிய நீர்மூழ்கி அங்கே காத்திருந்து டோபிடோவால் அதைத் தாக்கியது. 47 பேர் மாண்டனர். கப்பல் சுமார் 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கியபோதும் 20 பேர் உயிர் தப்பினர். அவர்களில் 11 பேரை ட்ரென்சன்ட்டும், ஒரு நாள் கடலில் தத்தளித்த ஏனைய 9 பேரை யப்பானியரும் மீட்டனர்.

4. காரணங்கள்

(அ) ஜேர்மனியரின் சங்கேதச் செய்திகளை நேசநாடுகள் வாசித்தமையால் வருகை முன்கூட்டியே தெரிந்திருந்தது.
(ஆ) பினாங்கை அடைய வரும் கப்பல் ஒடுங்கிய நீரிணை வாயிலுக்கே வரவேண்டியிருந்தது.
(இ) அவ்வாயிலுக்கு நீர்மூழ்கிகளை அனுப்பத் திருகோணமலை வசதியான தளமாக இருந்தது.

தகவல் மட்டும் இருந்து அண்மையில் தளம் இல்லாதிருந்தால் அது பயன்பட்டிராது. தளம் மட்டும் இருந்து தகவல் இல்லாதிருந்தால் பரந்த கடலில் ஒரு கப்பலைத் தேடியிருக்கவேண்டும். ‘கேந்திர முக்கியத்துவம்’ என்பதன் பொருள் இதுவே.

5. பின்விளைவு

1972 இல் இரசத்தின் ஒரு பகுதி கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. அது ஜேர்மன் அரசுக்கே உரியது எனச் சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1945 இல் ஜேர்மனி சரணடைந்தபோதும் ஜேர்மன் அரசு என்பது அற்றுப்போகவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

கவனிக்க: 1914 செப்டெம்பர் 22 இல் சென்னையைத் தாக்கிய ‘எம்டன்’ முதலாம் உலக யுத்தகால மேற்பரப்புப் போர்க்கப்பல். அதை யு-859 உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாதிரி வினா: இரண்டாம் உலக யுத்தத்தில் திருகோணமலை பெற்ற முக்கியத்துவத்தை உதாரணம் ஒன்றுடன் விளக்குக.

விடை எழுதும்போது ஆண்டுகளை அடுக்குவதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு காரணத்தையாவது முழுமையாக விளக்குங்கள். 47 என்ற எண்ணையும் மறவாதீர்கள். வரைபடத்தில் ஒரு துறைமுகம் பெறும் முக்கியத்துவத்துக்கு மனித உயிர்களே விலையாகின்றன.