வல்லவரையும் தடுமாற வைக்கும் சமவெளிப் பனி

பனிச்சறுக்கு என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது, உயர்ந்த மலைச் சரிவிலிருந்து வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் பாய்ந்து வரும் வீரரின் காட்சியே. தொலைக்காட்சி நமக்கு அதிகம் காட்டியதும் அதைத்தான். ஆனால் அந்தச் சறுக்குக்கு மூத்த உடன்பிறப்பு ஒன்று உண்டு. சமவெளியிலும் காட்டிலும் மேட்டிலும் பள்ளத்திலும் தன் கால் வலுவாலேயே பனிமீது பயணம் செய்யும் முறை அது. 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். 1924-இல் பிரான்சு நாட்டின் ஷமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே அதற்கு இடம் கிடைத்துவிட்டது. மலைச்சரிவுச் சறுக்கோ 1936 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலைச் சரிவுகளில் இருபது ஆண்டுகள் பழகிய ஒருவர், முதன்முறையாக இந்தச் சமவெளிப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நார்வே நாட்டுத் தலைநகர் ஆஸ்லோவை அடுத்த நூர்மார்க்கா காட்டுக்கு நகர இரயிலிலேயே பலகைகளுடன் சென்று இறங்கலாம். அங்கு வரும் அத்தகைய வல்லவர், தள்ளிவிட ஒரு சரிவுகூட இல்லாத இடத்தில், நின்ற நிலையிலேயே விழுந்துவிடுகிறார்! அருகே பள்ளிச் சிறுவர்கள் ஓசையின்றி அவரைக் கடந்து செல்கின்றனர்.

காரணம் குதிகாலில் இருக்கிறது. மலைச்சரிவுக்குரிய காலணி கல்போல் கெட்டியானது. முன்காலும் குதிகாலும் பலகையோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பைக் காலணியின் முகப்பில் அழுத்திச் சாய்ந்தே அவர் பலகையை ஆள்கிறார். சமவெளிக் காலணியோ மெல்லியது. கால்விரல் நுனி மட்டுமே பலகையோடு இணைந்திருக்கும். குதிகால் விடுதலையாய் எழும்பும். பழைய வழக்கப்படி முன்னே சாய்ந்தால் தாங்க எதுவுமில்லை. குதிகால் மேலெழும்ப, முகம் பனியைத் தொடுகிறது. பலகையும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலமே உடையது. அதன் ஓரங்களில், சரிவுப் பலகையில் உள்ள எஃகு விளிம்பு பொதுவாக இருப்பதில்லை.

ஆகவே, செங்குத்தான மலையில் அஞ்சாதவர், நம்மூர்ப் பாலத்து இறக்கம் போன்ற சிறு சரிவில் அஞ்சி நிற்கிறார். பனியைக் கடித்துப் பிடிக்க விளிம்பு இல்லாததால், பழைய திருப்பங்கள் எவையும் கைகொடுப்பதில்லை. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, ஏர்க்கலப்பைபோல் பனியை உழுதுகொண்டே இறங்க வேண்டியதுதான். தொடக்கப் பள்ளியில் கற்ற அந்தப் பாடம் மீண்டும் தேவைப்படுகிறது.

சமதரையில் முன்னேறுவது எப்படி என்பதுதான் உண்மையான நுட்பம். பலகையின் நடுப்பகுதி வில்போல் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். இரு கால்களிலும் எடையைச் சமமாக வைத்தால் அந்த நடுப்பகுதி பனியில் அழுந்தாது. பலகை வழுக்கிச் செல்லும். ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி உதைத்தால் வளைவு தட்டையாகி, அங்கே பூசிய மெழுகு பனித்துகள்களைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிப்பே உடலை முன்னே செலுத்தும். குளிருக்கு ஏற்ப மெழுகின் நிறமும் மாறும்: கடுங்குளிருக்குப் பச்சை, சற்றுத் தணிந்தால் நீலம், அதற்கு மேல் ஊதா, சிவப்பு. தவறான மெழுகைப் பூசியவர் பின்னோக்கி வழுக்குவார். அல்லது காலடியில் பனி கட்டிகட்டியாய் ஒட்டிக்கொள்ளும். மெழுகின் தொல்லை வேண்டாதோர் அவ்விடத்தில் மயிரிழைத் துணி ஒட்டிய பலகைகளை விரும்புகின்றனர்.

ஒற்றைக் காலில் எடையை நம்பி ஒப்படைக்கும் துணிவு எளிதில் வருவதில்லை. தம் அனுபவத்தை ஒதுக்கிவைக்க மனமில்லாதவருக்கே அது தாமதமாக வருகிறது என்பது என் எண்ணம். இதற்கிடையே தடித்த குளிர்ச்சட்டைக்குள் அவர் வியர்வையில் நனைந்துவிடுகிறார்! சரிவில் இயந்திர ஏணி மேலே கொண்டுபோய் விடும். இங்கே ஏற்றமும் தம் காலாலேயே. கையும் தோளும் வயிறும் தொடையும் ஒருசேர உழைக்கும் இத்தகைய பயிற்சி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேறு அதிகம் இல்லை.

பழகாதவரின் இந்த இடரைச் சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக மொழியில் எழுதிவைத்தார் ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர் என்றால் வியப்பாக இல்லையா? ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னர் கஸான் கானின் அமைச்சராயிருந்த ரஷீதுத்தீன் அவர்கள், 'ஜாமிஉத் தவாரீக்' என்னும் தம் பெருநூலில், வடபால் காடுகளில் வாழ்ந்த உரியாங்கை மக்களைப் பற்றிக் கூறுகையில் இதைக் குறிப்பிடுகிறார். 'சானா' எனும் பலகைகள்மேல் நின்று, கையிலுள்ள கோலால், நீரில் ஓடம் தள்ளுவதுபோல் பனியைத் தள்ளி அவர்கள் விலங்குகளை விரட்டிப் பிடித்தனராம். பயிற்சியில்லாதவன் முயன்றால், அதிலும் இறக்கத்தில், கால்கள் இருபுறமும் பிளந்துபோகும் என்றும், கண்ணால் காணாதவர் இதை நம்பமாட்டார் என்றும் அவர் எழுதியுள்ளார்.

வடநாட்டாருக்கு இது விளையாட்டாவதற்கு முன் உயிர்காக்கும் வழியாக இருந்தது. 1206-இல் நார்வேயின் உள்நாட்டுப் போரில், இரண்டு வயதும் நிரம்பாத இளவரசர் ஹாக்கோனைச் சுமந்துகொண்டு இரு வீரர்கள் பனிமலைகளைக் கடந்தனர். அதன் நினைவாக 1932 முதல் நடக்கும் 'பிர்க்கெபைனர்' ஓட்டத்தில், குழந்தையின் எடைக்கு அடையாளமாக மூன்றரைக் கிலோ மூட்டையை முதுகில் சுமந்து 54 கிலோமீட்டர் செல்கின்றனர்.

சுவீடனில் 1922-இல் தொடங்கிய 'வாசாலோப்பெத்' 90 கிலோமீட்டர் நீளமுடையது. வழியில் புளூபெர்ரிப் பழச்சாற்றைச் சூடான சூப்பாக வழங்குவார்கள். இந்த ஓட்டத்தில் 1924-இலிருந்து பெண்களுக்குத் தடை இருந்தது. பெண் உடல் அதைத் தாங்காது என்றனர். காடுகளில் விறகுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பலகைகளிலேயே போய்வந்த பெண்கள் வாழ்ந்த நாட்டில் இப்படி ஒரு தடை! சிலர் அதை மீறியும் ஓடினர். 1981-இல்தான் தடை நீங்கியது. இன்று மார்ச் முதல் ஞாயிறன்று சேலன் கிராமத்துப் பனிவெளியில் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வரிசையாய் நிற்கின்றனர். அவர்களிடையே, மலைச்சரிவை விட்டுப் புதிதாய் வந்து, குதிகாலை எழுப்பப் பழகிக்கொண்டோரும் உண்டு.