நாவில் ஒரு முடிச்சு

வாயினுள் அடங்கிக் கிடக்கும் இச்சிறு தசைத் துண்டுக்கு நம் முன்னோர் வழங்கிய மதிப்புப் பெரிது. தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பை உரைக்குமிடத்து நாவின் நுனியையும் இடையையும் அடியையும் விளிம்பையும் வெவ்வேறாக எடுத்துப் பேசினார். எங்கள் நிந்தவூரிலே குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெப்பைமாரும் அவ்வாறே. பிள்ளையின் நா எவ்விடத்தைத் தொட்டு எழுகிறது என்று காதால் அறிந்து திருத்துவர். அரபு எழுத்துக்களுட் பதினெட்டு நாவின் பத்து இடங்களிற் பிறப்பதாகத் தஜ்வீத் கலை வகுத்திருக்கிறது. அவற்றுள் ‘ழாத்’ என்பது நாவின் பக்க விளிம்பு மேற்கடைவாய்ப் பற்களைச் சாரப் பிறப்பது. ‘ரமழான்’ என்று நாம் ழகரமிட்டு எழுதுவதும் அவ்வெழுத்தின் பொருட்டேயாம்.

அந்த விளிம்பை நோயும் விரும்புகின்றது. நாவில் தோன்றும் புற்றுநோய் மிகுதியும் அதன் பக்கங்களிலேயே வேரூன்றும். எங்கள் கரையோ வெற்றிலை வட்டா இல்லாத விருந்தையும் படிக்கம் இல்லாத திண்ணையையும் நெடுங்காலம் அறியாதிருந்த கரை. இலங்கை ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றை விளைவிக்கும் பொருளே என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முடிவு கூறியது. ஆகவே நாவிலே ஒரு முடிச்சைக் கண்டவர் நடுங்குவதற்குக் காரணம் உண்டு. அந்நடுக்கம் அவரை வைத்தியரிடம் அனுப்புமாயின் நல்லதே. எங்களூரில் அது அவர் வாயை மூடச் செய்கின்றது. அந்நோயின் பெயரை வீட்டுக்குள் உச்சரிக்கவும் அஞ்சுவார் உளர்.

என் சாச்சி ஒருவர் இவ்வாறு ஈராண்டு வாய்மூடி இருந்தார். நாவின் வலப்புறத்தில், விளிம்புக்குச் சற்று மேலாக, முதலில் மிளகளவாயும் பின்னர் கடலையளவாயும் ஒரு முடிச்சு. நோவில்லை, புண்ணில்லை, இரத்தக் கசிவில்லை. மேற்றோல் சிறிது வெளிறியிருந்தது. தொட்டுப் பார்த்தால், சதைக்குள் ஒரு சிறு கல்லைப் புதைத்து வைத்தாற்போற் கெட்டியாய் இருந்தது. மகள் தற்செயலாகக் கண்டு என்னிடம் சொல்ல, நான் சென்று கேட்டேன்.

“இதக் கிண்டாதங்க மகன். கிண்டினாத்தான் பெருக்கும்” என்றார் சாச்சி.

கத்தி பட்டால் கட்டி பரவும் என்னும் இந்நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒருப்படவில்லை. கண்ணாற் கண்டதிலிருந்து பிறந்த நம்பிக்கை அது. நோய் முற்றிய பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போனவர் பலர். கத்தி பட்ட சில மாதங்களில் அவர்கள் இறந்தனர். காலந் தாழ்த்திய குற்றம் கத்தியின் மேல் ஏறிற்று.

ஒருவாறு இணங்க வைத்து அழைத்துச் சென்றோம். முதலிற் காட்டிய இடத்திலே முடிச்சின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய துண்டொன்றைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என ஐயுறத்தக்க மாற்றங்கள் உள எனப் பதில் வந்தது. அன்றே வீடு மையித்து வீடாயிற்று. சாச்சி தம் நகைகள் யார் யாருக்கு என்று வஸிய்யத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அடுத்துப் பார்த்த வாய், முகச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அவ்வறிக்கையும் நோயாளியின் நாவும் பொருந்தியனவாகத் தோன்றவில்லை. ஈராண்டாக வளர்ந்த புற்று, புண்படாமலும் கழுத்தில் நெறி கட்டாமலும் இவ்வளவு சாதுவாக இருக்குமா என்று அவர் ஐயுற்றார். விறைக்க ஊசி போட்டு, இம்முறை ஆழத்திலிருந்து சதை எடுத்தார். இரண்டாவது அறிக்கை அதற்கு வேறு பெயர் சொல்லிற்று: சிறுமணிக் கலக்கட்டி. அரிதாகக் காணப்படுவது, பெரும்பாலும் தீங்கற்றது.

அப்பெயரைத் தேடிப் படித்தேன். அதன் வரலாறு சுவையானது. லெனினின் உடலை 1924இல் அறுத்துப் பரிசோதித்த ருஷ்ய நோயியல் அறிஞர் அப்ரிகோஸவ் என்பவரே, ஈராண்டு கழித்து, 1926இல் இக்கட்டியைத் தெளிவாக விவரித்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் இதன் கலங்கள் பெரியனவாய், உள்ளே ரவையைக் கொட்டி வைத்தாற்போல் மணிமணியாய்த் தோன்றின. நாவின் தசைநார்களிடையே கிடந்தமையால் தசையிலிருந்து பிறந்ததென்றே அவர் கருதினார். 1949இல் ஃபஸ்ட், கஸ்டர் என்னும் இருவர் இதன் பிறப்பு நரம்பைச் சார்ந்தது என்று வாதித்தனர். நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் உறைக்கலங்களில் உள்ள எஸ்-100 என்னும் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் முறை பின்னாளில் வந்தபோது, இக்கட்டியின் கலங்களும் அச்சாயத்தை ஏற்றன. இன்று பெரும்பாலார் கொள்ளும் கொள்கை நரம்புறைக் கொள்கையே. உடலில் எங்கும் இது தோன்றக்கூடுமாயினும் வாய்க்குள் இதற்கு உவப்பான இருப்பிடம் நா. ஆடவரினும் பெண்டிரிடையே மிகுதி.

முதலறிக்கை பிழைபட்டது எவ்வாறு? இக்கட்டி தோலின் கீழே இருக்க, அதன் மேலுள்ள தோல் காரணந் தெரியாதவாறு தடித்து, விரல் விரலாய்க் கீழ்நோக்கி இறங்கும். அத்தோற்றம் புற்றின் தோற்றத்தை அப்படியே ஒக்கும். மேலாகக் கிள்ளிய துண்டிலே அத்தோல் மாத்திரமே வரும். உண்மையான கட்டி அடியிற் பதுங்கிக் கொள்ளும். நுணுக்குக்காட்டியின்முன் இருப்பவர் தமக்குக் கிடைத்ததைப் பார்த்தே சொல்லவேண்டியவர். இந்த ஒப்புமையை அறியாது நாவின் பெரும்பகுதியை வெட்டி எறிவதும், கதிர்ச் சிகிச்சை தொடங்குவதும் நேரக்கூடிய தவறுகளாகையால், துண்டு போதிய ஆழமுடையதாய் இருக்கவேண்டுமென்று நூல்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகின்றன. “புற்று” என்று எழுதிய காகிதமும் ஒருகால் மறுபடி கேட்கத்தக்கதே என்பது எனக்குப் புதிய செய்தி.

சாச்சியின் கட்டியை, அதைச் சூழ்ந்த நல்ல சதையிலும் ஒரு சிறு வரம்பு சேர்த்து நீக்கினார்கள். இதற்கு உறையில்லை, எல்லை மங்கி அயலிலுள்ள தசைநார்களுக்குள் நுழைந்திருக்கும். அதனால் வரம்பு வேண்டும். மிச்சம் விட்டால் மீண்டும் முளைக்கலாம். நூற்றில் ஒன்றிரண்டு கொடியதாக மாறுவதும் உண்டென்பதால் சில காலம் தொடர்ந்து காட்டிவரும்படி சொன்னார்கள். வேறு மருந்தில்லை, கதிரில்லை. சில நாள் கஞ்சியும் இளநீரும். பின்பு பேச்சுச் சிறிது குழறிற்று, அதுவுந் தெளிந்தது.

நாவில் எழும் அரிய கட்டிகள் இன்னும் சில உள. நரம்புறையிலே உருண்டையாய்த் திரள்வது ஒன்று. உறையுடையதாகையால் நுங்கைப்போல வழுக்கி வெளியே வரும். கொழுப்புக்கட்டி மஞ்சளாய்த் தெரியும். வெட்டியெடுத்துப் போமலின் போத்தலிலிட்டால் மிதக்கும். இவையெல்லாம் எளியன. கத்தி எடுக்குமுன் யோசிக்க வேண்டியன வேறு. கருஞ்சிவப்பாய், கண்ணாடித் துண்டால் அழுத்த வெளிறி, விட்டதும் மீளச் சிவப்பது இரத்தக் குழாய்களின் திரள். அதிலே அவசரமாகக் கத்தி வைத்தால் குருதி நில்லாது. பிறந்த குழந்தைகளுக்குத் தோன்றும் அவ்வகைக் கட்டியொன்று, இதய நோய்க்கு வழங்கும் புரொப்பிரனலோல் என்னும் மருந்தால் சுருங்குவதைப் பிரான்சில் தற்செயலாகக் கண்டு 2008இல் வெளியிட்டார்கள்.

எனக்கு வியப்பளித்தது அடிநாவில் எழும் கட்டி. தாயின் வயிற்றிலே நம் தைரொயிட்டுச் சுரப்பி நாவின் அடியிலே தோன்றிப் பின்னர் கழுத்துக்கு இறங்குகிறது. சிலருக்கு அது இறங்காமல் அங்கேயே தங்கிவிடும். விழுங்கத் தடையாயிருக்கிறதென்று அதை வெட்டி எறிந்தால், உடலிலுள்ள ஒரே தைரொயிட்டையும் எறிந்ததாக முடியலாம். பெரும்பாலோருக்குக் கழுத்தில் வேறு சுரப்பி இராது. ஆதலால் முதலிற் படம் பிடித்துப் பார்ப்பார்கள். தைரொக்சின் மாத்திரையாலேயே அது சுருங்குவதும் உண்டு.

எதைத் தொடுவது, எதைத் தொடாதிருப்பது என்னும் இவ்விசாரம் பழையது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவை அடுத்து வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீப்’ என்னும் தம் நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கென்றே ஒதுக்கினார். நாவின் கீழே எழும் ‘தவளை’க் கட்டியைப் பற்றி அதில் எழுதுகையில், கறுத்து இறுகி உணர்வற்றிருப்பதைத் தொடவேண்டாம், அது புற்று, வெளிறி நீர்கொண்டிருப்பதைக் கொக்கியாற் பிடித்து நுண்கத்தியால் நீக்குக என்னும் கருத்துப்பட வழிசொல்கிறார். நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் கண்ணையும் விரலையும் கொண்டே அவர் இதைச் செய்தார். அவருடைய நூலின் பெருமையை மீலாத் மேடைகளிற் பேசி மகிழும் நாம், அவர் செய்ததுபோல் வாயைத் திறந்து வெளிச்சத்திற் காட்டுவதற்குத் தயங்குகிறோம்.

தீங்கற்ற கட்டிகளும் உள என்று எழுதுவதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. இதை வாசிப்பவர் எவரேனும், “என்னுடையதும் அப்படித்தான் இருக்கும்” என்று ஆறுதலடைந்து வீட்டில் இருந்துவிடலாகாது. சாச்சியின் முடிச்சு சாதுவானது என்பதைச் சொன்னது அதன் தோற்றமன்று. ஆழத்திலிருந்து எடுத்த சதை. மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, கெட்டியாய் வளரும் முடிச்சு, இவற்றுள் எதுவாயினும் காட்டவேண்டியதே. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை எங்களூருக்கு எட்டாத் தூரத்திலில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணமும் கேட்பதில்லை.

வெற்றிலைக்கும் சாச்சியின் கட்டிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் தெளிவாகவே சொன்னார். சொல்லிவிட்டு, வாயின் மற்றப் பகுதிகளைப் பார்த்து, அதை அடியோடு விடும்படி கண்டிப்பாகவும் சொன்னார். சாச்சி முதற்பாதியை ஊரெங்கும் சொல்லி வருகிறார். புகையிலையை விட்டுவிட்டார், பாக்கைப் பற்றிய வழக்கு அவருக்கும் மகளுக்கும் இடையே இன்னும் தீரவில்லை.