உங்களுக்குத் தெரியுமா? மிருகக் காட்சி சாலையில் ஒளிந்த மனிதர்கள்

போலந்தின் வார்சா மிருகக் காட்சி சாலையில், குண்டுவீச்சில் காலியான கூண்டுகளிலும் இயக்குநரின் வீட்டு நிலவறையிலும், இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 300 பேர் நாஜிகளிடமிருந்து மறைத்துக் காப்பாற்றப்பட்டனர். பெரும்பாலோர் யூதர்கள். ‘தி ஜூகீப்பர்ஸ் வைஃப்’ (2017) படம் சொல்வது இந்த உண்மைக் கதையைத்தான்.

• அபாயமணி ஒரு பியானோ! ஆபத்து நெருங்கினால் மிருகக் காட்சி சாலை இயக்குநரின் மனைவி அன்டோனினா, இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் இசை நாடகப் பாடல் ஒன்றை வாசிப்பார். வீட்டிலிருப்பவர்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள். படத்தில் அன்டோனினாவாக நடித்தவர் ஜெசிகா சாஸ்டெய்ன்.

• அன்டோனினாவின் கணவர் யான் ஜபின்ஸ்கி அங்கே பன்றிப் பண்ணை நடத்தினார். தீவனத்துக்கு எச்சில் உணவு சேகரிக்கிறேன் என்று யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவுக்குள் போய், ஆட்களை வெளியே கடத்தி வந்தார். அன்றைய போலந்தில் ஒரு யூதருக்கு அடைக்கலம் கொடுத்தாலே மரண தண்டனை. குடும்பத்தையே கொன்றார்கள். அன்டோனினாவோ குழந்தைக்காரி!

• ஒளிந்திருந்தவர்களுக்கு விலங்கு, பறவைப் பெயர்களே சங்கேதப் பெயர்கள். சிற்பி மக்தலேனா கிராஸுக்கு மைனா இனப் பறவையான ‘ஸ்டார்லிங்’கின் பெயர்.

• 1965இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு அமைப்பான யாத் வஷேம், யான், அன்டோனினா இருவரையும் கௌரவித்தது. அவர்கள் வாழ்ந்த வீடு, அதே மிருகக் காட்சி சாலைக்குள் இன்று அருங்காட்சியகம்.